புளியமரம் வரைக்கும்

— அக்கா… அக்கோவ்! இன்னிக்கும் இங்கதான் வந்திருக்குதா?

— பின்ன எங்க போவும்? தொட்டிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்குது பாரு. வா, சிங்கராயா. செருப்பை அங்கியே விடு. இப்பத்தான் வாசலுக்குச் சாணி தெளிச்சேன்.

— கழுதைக்குப் பொறந்த மாடு…

— ஏய், திட்டாத. நாளைக்கு வனத்து அந்தோணியார் திருநாள். மாட்டையெல்லாம் கோயிலுக்கு ஓட்டிக்கிட்டுப் போயி சாமியார் கையால தீர்த்தம் தெளிக்கிற நாளு. முந்தின நாள் போயி அதைத் திட்டலாமா?

— திட்டாம கொஞ்சச் சொல்றியா? மூணு ராசா திருநாளன்னிக்கு உங்கிட்டருந்து ஓட்டிக்கிட்டுப் போனேன். இன்னியோட பத்து நாள். பொழுது சாஞ்சா போதும், கயித்தை அறுத்துக்கிட்டு ஓடியாருது. பின்னாலயே நானும் ஓடியாரேன். பெங்களூரு மில்லுல பதினஞ்சு வருசம் வேலை பாத்தேன். அந்தச் சங்கு கூட இவ்வளவு கரெக்டா ஊதினதில்ல.

— மூச்சு வாங்குது பாரு உனக்கு. உக்காரு. இந்தா, தண்ணி குடி மொதல்ல.

— ம்… அப்பா! அக்கா, உள்ள என்ன வாசம்? பிதுக்கம்பருப்புக் குழம்பா?

— மூக்கு மட்டும் மில்லுல தேயல. களி கிண்டி வெச்சிருக்கேன். சாப்பிட்டுட்டு ஓட்டிக்கிட்டுப் போ.

— ரெண்டு உருண்டை வெச்சிருக்கற மாதிரி தெரியுது?

— ஒத்தைப் பொம்பளைக்கு ஒரு உருண்டை கிண்ட வராது. மாவு கட்டி தட்டும்.

— நேத்தும் ரெண்டு உருண்டைதான். முந்தாநேத்தும்…

— வேணாம்னா வெச்சிட்டுப் போ. கணக்குக் கேக்க வந்துட்டான்.

— யாரு வேணாம்னா? இப்படித் தள்ளு. …ஆமா, ஒண்ணு கேக்கறேன். மயிலைய எனக்குக் குடுத்துட்ட. அதோட ஆத்தாளும் போன வருசம் செத்துப்போச்சு. மாடே இல்லாத வீட்ல தொட்டி நிறைய தவிட்டுத் தண்ணி எதுக்குக் கரைச்சு வெச்சிருக்க?

— பழக்கம். கை தானா கரைச்சிடுது.

— நீ கரைச்சு வெச்சா அது வராம என்ன பண்ணும்?

— ஓ, தப்பு எம்மேலயா? நீ என்னா போடற அதுக்கு? சோளத்தட்டை வெச்சியா?

— வெச்சேன். நீ சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணேன். மொத நாளு உப்பைக் கையில வெச்சு நக்க வெச்சேன். ரெண்டாம் நாளு அதைக் கூட்டிக்கிட்டு மாட்டுக் கொட்டாய மூணு சுத்து சுத்தி வந்தேன். மூணாம் நாளு என் பழைய சட்டைய அதும்மேல போட்டு வெச்சேன், வாசம் பழகட்டும்னு. சட்டையத் தின்னுடுச்சு.

— ஹா… ஹா! தின்னுடுச்சா?

— பொத்தானை மட்டும் துப்பிடுச்சு. சிரிக்காதக்கா. மில்லு யூனிபாரம் அது.

— அதான் உன் வேலையும் போச்சு, சட்டையும் போச்சுன்னு சொல்லுது. …நீ அதை எப்படிக் கூப்பிடற? கூப்பிடு, பாக்கலாம்.

— பா… பா… பா…

— கன்னடத்துல கூப்பிட்டா அது எப்படிடா திரும்பும்?

— பதினஞ்சு வருசம் நாக்குல ஏறிப்போச்சு, நான் என்ன பண்றது? ஏன், இந்தப் பொங்கல்லருந்து நாம தமிழ்நாடாம். ரேடியோல சொன்னாங்க. மெட்ராஸ் ராஜ்யம்ங்கறதெல்லாம் போச்சு.

— பேரு மாறுனா மாறிக்கிட்டுப் போவுது. மயிலை இங்கியே பொறந்தது. அப்பா கூப்பிடற மாதிரி 'ம்ம்மா… ஏ மயிலே'ன்னு தொண்டையிலருந்து கூப்பிடணும். பாரு, காதைத் திருப்புதா?

— அட… திரும்புதே.

— பெங்களூரு அல்சூர்ல இருந்தவனுக்கு மாட்டு ஆசை எங்கிருந்துடா வந்துச்சு? கேட்டா சிரிப்ப. இன்னிக்காவது சொல்லு.

— சிரிக்கமாட்டியே?

— சொல்லு.

— மில்லுக்குப் போற வழி ரெண்டு இருக்குது. நேர் வழி ஒண்ணு. இன்னொண்ணு சுத்து, அதுல ஒரு கௌடர் வீட்ல நாலு மாடு கட்டியிருப்பாங்க. விடிகாலம் சாணி அள்ளுற நேரம். நான் தினமும் சுத்து வழியிலதான் போவேன். அந்த வாசலாண்ட வந்ததும் சைக்கிளை விட்டு எறங்கி, செயினு கழண்ட மாதிரி குனிஞ்சுக்குவேன். கொஞ்ச நேரம் அந்த வாசத்தை இழுத்துக்கிட்டு அப்புறம் போவேன்.

— …

— சிரிக்கமாட்டேன்னு சொன்ன.

— சிரிக்கல. …கொஞ்சம் குழம்பு ஊத்திக்க. தினமும் செயினு கழண்டா அந்தக் கௌடர் என்ன நெனச்சிருப்பாரு?

— ஒரு நாள் அவரே எண்ணெய் டப்பாவோட வந்து நின்னாரு. 'ஏனப்பா, நின் சைக்கிளு சரி இல்ல, மாரிபிடு'ன்னாரு. வித்துடச் சொல்றாரு! …அது கெடக்கட்டும். மாடு பால் குடுக்க ஆரம்பிச்சா ரெண்டு மாடு கூட சேத்துக்கணும். பத்து ஆடு. பிளாக் ஆபீசுல வெள்ளைக் கோழிக்குஞ்சு தராங்க. உன் தம்பி பொண்டாட்டி ஜெபமணி பசங்களோட சித்திரையில வந்துடறேன்னு எழுதியிருக்கா. 'மாடு நின்னா வரேன்'னு எழுதியிருக்கா.

— மாடு நிக்கலன்னா?

— மில்லுக்குப் போவ வேண்டியதுதான். மேஸ்திரி இந்த மாசக் கடைசி வரைக்கும் எடத்தை விட்டு வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்காரு.

— ம்… கொட்டாய்க்கு வாசலை ஏன் மேக்கால வெச்ச? ஆடிக் காத்து நேரா உள்ள பூந்து, பொறக்கற கன்னு நடுங்கிச் சாவும். அப்பா கெழக்கதான வெச்சிருந்தாரு?

— அதை யாரு சொன்னது உனக்கு?

— ஆங்… நஞ்சம்மா சொன்னா. அவ அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போவால்ல.

— ஓஹோ.

— கூரை நடுவுல ஒரு தகரம் வேற போட்டிருக்க. வெயில் அடிச்சா கண்ணு கூசுது… கூசுதுன்னு சொன்னா.

— நஞ்சம்மா எல்லாத்தையும் சொல்லிடறா.

— அவளுக்கு வேலை என்ன? …கைய கழுவிக்க. கயித்தைக் கொண்டாந்தியா?

— இதா, மாட்டு கழுத்துலயே இருக்குதே. புதுசு. சூளகிரி சந்தையில வாங்கினேன்.

— அது உன் கயிறு. எங்கயிறு எங்க? மாட்டைப் புடிச்சுக் குடுத்தாலும் கயித்தைக் குடுக்கக்கூடாது. மாடு வாங்கப் போறவன் கையில புதுக் கயித்தோட போவான். நீ பெங்களூருக்காரன் மாதிரி கைய வீசிக்கிட்டு வந்து நின்ன. வேற வழியில்லாம எங்கயித்தோட அனுப்புனேன். மறுநாளே கொண்டாந்து குடுன்னு சொன்னேனா, இல்லியா?

— சொன்ன.

— கயிறு போன வீட்ல மறுபடி மாடு தங்காது. தெரியுமில்ல?

— நம்ம ஊரு மாதப்பனும் அதான் சொன்னாரு.

— அப்ப கொண்டாறதுக்கென்ன?

— கொட்டாயில ஆணியில மாட்டி வெச்சிருக்கேன். நீ வந்து எடுத்துக்க. நாளைக்கு வா. தீர்த்தத்துக்கு மாட்டை நீ புடிச்சுக்கிட்டு வரணும். எந்தப் பட்டியில மாடு இருக்குதோ அந்தப் பட்டி வாசல்லருந்து அந்த வீட்டாளுதான் ஓட்டிக்கிட்டுப் போவணும். அப்பா இருந்த வரைக்கும் நீதான ஓட்டுவ?

— வரமாட்டேன்னு உனக்குத் தெரியும்.

— அக்கா, எனக்கு நூலு ஓட்டத் தெரியும். மாடு வளக்கத் தெரியாது. நீ வந்து இருந்தா எனக்குப் பண்ணை. இல்லன்னா அது நாலு ஏக்கர் கட்டாந்தரை. இத பத்து நாளா சொல்லணும்னு வரேன், களியத் தின்னுட்டுப் போயிடறேன்.

— அந்த மண்ணுல கால் வெக்கமாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டு வந்தவ நான்.

— அப்பா நிலத்தை வெங்கடப்பனுக்குக் குத்தகைக்கு விட்டதுக்கா இவ்வளவு கோவம்? பதினோரு வருசம் ஆச்சு. வெங்கடப்பனும் இந்த ராகி அறுப்போட மரியாதையா ஒப்படைச்சிட்டாரு.

— வெங்கடப்பன் மேல எனக்கு ஒண்ணுமில்ல. தங்கமான மனுசன்.

— அப்ப எம்மேல.

— நீயே சொல்லிக்க.

— நான் நல்லதுன்னுதான் பண்ணேன்க்கா. அப்பா போயிட்டாரு. நீ புருசனைப் பறிகொடுத்துட்டு வந்து அவரோட இருந்தவ. ஏர் புடிக்க ஆளில்ல, தண்ணி கட்ட ஆளில்ல. ஒத்தையில என்ன பண்ணுவன்னு…

— நாலு வருசம் அந்தக் கொல்லைய உழுதது யாருன்னு நெனச்ச? அப்பாவா? அவரு கட்டில்ல படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டிருந்தாரு. ஏர் புடிச்சது நானு.

— …எனக்குத் தெரியாது.

— நீ கேக்கல. சரி, அது கூடப் போவட்டும். கடுதாசிய வெங்கடப்பனுக்கு எழுதுன. எனக்கு எழுதல.

— அவரே வந்து உங்கிட்ட சொல்லிடுவாருன்னு…

— வந்தாரு. சொல்லல. படிக்கச் சொன்னாரு.

— என்னாது?

— வெங்கடப்பனுக்கு வீட்ல தெலுங்கு. தமிழு பேசுவாரு, எழுத்து தெரியாது. இந்தப் பக்கம் யாருக்குக் கடுதாசி வந்தாலும் எங்கிட்டத்தான் கொண்டாருவாங்க. சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல அஞ்சாவது முடிச்சவ நான் ஒருத்திதான? சிரிச்சுக்கிட்டே வந்தாரு. 'அக்கா, சதுவு. நீ தம்முடு ராசினாடு'ன்னாரு. தம்பி எழுதியிருக்கான், படின்னு. எனக்கு ஒரே சந்தோசம். ஈரக் கைய முந்தானையில தொடச்சிக்கிட்டு வாங்குனேன்.

— அக்கா… வேணாம்.

— மேல 'சேசு மரி சூசை துணை'. எழுத்து முத்து முத்தா இருந்துச்சு. பாத்திகட்டி எழுதுன மாதிரி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போட்டிருந்த. ஒண்ணு, எங்கள் தகப்பனார் நிலத்தைத் தாங்களே குத்தகைக்கு எடுத்துக்கொள்ளவும். ரெண்டு, கிணற்றங்கரை மாமரம் நீங்கலாக. மூணு, அங்கே இருக்கும் என் தமக்கை மாடுகளுடன் தன் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவார்.

— பதினோரு வருசம் கழிச்சும் அப்படியே…

— ஒரு எழுத்து விடாம படிச்சேன். சத்தமா. பாவம், அவரு மூணாவதுலயே 'சாலு அக்கா, சாலு, போதும்'னாரு. நான் நிறுத்தல. கீழ உங்கையெழுத்து வரைக்கும் படிச்சு, மடிச்சு, அவரு கையில குடுத்தேன். அன்னிக்குச் சாயங்காலமே ஏழு மாட்டையும் அவுத்துக்கிட்டு இங்க வந்துட்டேன்.

— எனக்கு இதை யாருமே… ஒரு கடுதாசி கூட யாரும் போடலியே அக்கா?

— யாரு போடுவா? ஊருக்குக் கடுதாசி எழுதித் தரவளும் நாந்தான? …அழுவாத. களி தின்னுட்டு அழுதா செரிக்காது.

— அழுவல. கண்ணுல பொகை.

— அடுப்பு அணைஞ்சு எவ்வளவு நேரமாச்சு.

— அக்கா… மாதப்பன் இன்னொண்ணும் சொன்னாரு. பஞ்சத்தப்ப நீ இந்த வீட்டுக் கூரையப் பிரிச்சு…

— அவனுக்கு வாயி சும்மா இருக்காது. அறுபத்தஞ்சுல புல்லு எங்க இருந்துச்சு? ஆறு மாடு கண்ணு முன்னாலயே போச்சு. மயிலையோட ஆத்தா மட்டும் சினையா நின்னுச்சு. தினம் ஒரு கத்தை கூரையிலருந்து உருவிப் போட்டேன். படுத்துக்கிட்டே வானத்தைப் பாக்கலாம் அப்போ. அந்த வயித்துல இருந்ததுதான் இது.

— அப்படிக் காப்பாத்துன ஒரே மாட்டை, நான் வந்து கேட்டதும் ஏன் அவுத்துக் குடுத்த? திட்டி அனுப்புவன்னுதான் நெனச்சுக்கிட்டு வந்தேன்.

— அப்பா பட்டி மாட்டு வழி அது. அது அங்க இருக்கறதுதான் சரி. நான் போவலன்னா அதுவும் போவக்கூடாதா? …சரி, எழுந்திரு. பொழுது எறங்குது. அந்தக் கயித்தைக் காட்டு.

— எதுக்கு?

— தினமும் அறுத்துக்கிட்டு வருதுன்னியே. எங்க அறுந்திருக்குது, பாக்கறேன்.

— அது… முளையாண்ட. அந்த நுனியில.

— இதா? கயிறு அறுந்தா நாரு பிரிஞ்சு தாடி மாதிரி தொங்கும். இது சந்தையில போட்ட முடிச்சு, அப்படியே இருக்குது.

— அப்ப முளையோட புடுங்கிக்கிட்டு வந்திருக்கும்.

— முளை எங்க?

— வழியில எங்கியாவது விழுந்திருக்கும். நீ என்ன போலீசு மாதிரி…

— சிங்கராயா. சின்ன வயசுல பொய் சொன்னா இடது காதைத் தொடுவ. இப்பவும் தொடற.

— …மூணு நாளு நெசமாவே அறுத்துக்கிட்டு வந்துச்சுக்கா. சத்தியமா. அது உன் பழைய கயிறு. நாலாம் நாளு புதுக் கயித்துல கட்டுனேன்.

— வந்துச்சா?

— வரல. முளைய விட்டு அவுத்துக்கூடப் பாத்தேன். வாசலைக் கூட எட்டிப் பாக்கல. அசை போட்டுக்கிட்டு என் காலாண்டயே படுத்துடுச்சு.

— அப்ப மாடு நின்னுடுச்சு.

— நின்னுடுச்சு. சந்தோசப்படணும்ல? அதுக்குத்தான வந்தேன்? ஆனா பொழுது சாய சாய… இனிமே இந்தப் பக்கம் வர ஒரு காரணமும் இல்லியேன்னு இருந்துச்சு. மாட்டைத் தேடி வந்தேன்னு சொன்னாத்தான நீ உள்ள கூப்பிடுவ? அதான்… கயித்தைப் புடிச்சு…

— புளியமரம் வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்த.

— ஆங்?

— புளியமரம் வரைக்கும் கயித்தைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வருவ. அங்க நின்னு சுத்தும் முத்தும் பாப்ப. கயித்தை அதோட கழுத்துல சுத்தி விட்டுட்டு, பின்னால ஒரு தட்டு தட்டுவ. அது நாலு அடி வெச்சதும், 'ஓய், ஓய், புடிங்க'ன்னு கத்திக்கிட்டே ஓடியாருவ. அந்தக் காட்டுல புடிக்க யாருடா இருக்கா?

— அக்கா…!

— முந்தாநேத்து மயிலை திரும்பி உன் கொட்டாயப் பாத்து நடையக் கட்டிடுச்சு. நீ வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, 'அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம்'னு அதுங்கிட்ட கெஞ்சுன பாரு… எனக்கு வயிறு நொந்துபோச்சு சிரிச்சு.

— எல்லாத்தையும் பாத்துட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி 'பின்ன எங்க போவும்'னு…

— தெரியும்னு சொல்லியிருந்தா மறுநாள் நீ வந்திருப்பியா? அதான் சொல்லல.

— இரு, இரு. உன் வாசல்லருந்து புளியமரம் தெரியாதே? நடுவுல பாறைமேடு மறைக்குதே. நீ எங்க நின்னு பாத்த?

— சுள்ளி பொறுக்கப் போனேன்.

— பாறைமேட்டுல சுள்ளி ஏது? மொட்டைப் பாறை அது. அங்க ஏறி நின்னா ஊரு தெரியாது, கோயிலு தெரியாது. அந்தப் புளியமரம் தெரியும், அதைத் தாண்டி நம்ம கொல்லை தெரியும். அவ்வளவுதான…

— இருட்டப் போவுது, கெளம்பு.

— அக்கா, நஞ்சம்மா மார்கழி பொறந்ததுமே மக வீட்டுக்கு ஆனேக்கல் போயிட்டா. இன்னும் திரும்பி வரல. நான் தகரம் போட்டது போன வாரம். எத்தனை நாளாக்கா அந்த மேட்டுல போயி நிக்கற?

— கயித்தை இப்படிக் குடு. வெங்கடப்பன் ராகி வெதைச்சதையும் அங்க நின்னுதான் பாத்தேன், அறுத்ததையும் அங்க நின்னுதான் பாத்தேன். பதினோரு வருசம் தூரத்துலருந்து பாத்தது போதும்… நட. என் பழைய கயிறு எந்த ஆணியில மாட்டியிருக்குதுன்னு வந்து காட்டு.